நவம்பரில் ஊறி டிசம்பரில் வேகும் கேக்

கிறிஸ்துமஸ் கேக் சரியாக வரவில்லை என்று யாராவது குறைப்பட்டால் நான் ஓவனைப் பற்றிக் கேட்பதில்லை. "பழத்தை எப்போது ஊற வைத்தீர்கள்?" என்றுதான் கேட்பேன். "முந்தின நாள் ராத்திரி" என்ற பதில்தான் அதிகம் வரும். இன்னும் சிலர் டிசம்பர் 23-ஆம் தேதி சாயங்காலம் கடைக்குப் போய், டூட்டி ஃப்ரூட்டி தீர்ந்துவிட்டதென்று கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வந்தவர்களாக இருப்பார்கள். பிறந்தநாள் கேக்கை நினைத்த அன்றைக்கே செய்துவிடலாம். இந்தக் கேக்குக்கு அது நடக்காது. கைப்பக்குவம் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் மன்னிக்கும். நாள் கணக்குத் தவறினால் மன்னிக்காது. அதனால் இந்த அத்தியாயத்தில் அடுப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் காலண்டரை எடுத்துக்கொள்வோம்.

நாள் கணக்கு

இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் சபையார் திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறன்று கிறிஸ்துமஸ் புட்டிங்கைக் கிண்டி வைப்பார்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு சுற்றுக் கரண்டி போடுவது அங்கே சடங்கு. அந்த ஞாயிறு எந்த ஆண்டிலும் நவம்பர் 20-க்கும் 26-க்கும் இடையில்தான் விழும். நம் ஊர் நட்சத்திர ஓட்டல்களில் அக்டோபர், நவம்பரில் சமையல்காரர்களும் விருந்தினர்களும் தொப்பி போட்டுக்கொண்டு பெரிய மேஜை முழுக்கப் பழத்தைக் கொட்டி, பாட்டில் பாட்டிலாக மதுவை ஊற்றிப் பிசையும் படங்கள் பத்திரிகையில் வருகின்றனவே, அதுவும் இதே வேலைதான். படம் விளம்பரத்துக்காக எடுத்தது. ஆனால் பழம் நிஜமாகவே அன்றைக்கு ஊறத் தொடங்கிவிடுகிறது.

திருவருகைக் காலம் பழைய கிறிஸ்தவ வழக்கில் நோன்புக் காலம். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தின் ஸ்டாலன் ரொட்டி ஒரு காலத்தில் வெண்ணெய் இல்லாமல், எண்ணெய் விட்டுச் செய்த வறட்டு ரொட்டியாகத்தான் இருந்தது. நோன்பில் வெண்ணெய் கூடாது என்பது திருச்சபையின் கட்டளை. சாக்சனி அரச குடும்பத்தார் ரோமுக்கு எழுதிக் கேட்டு, 1491-இல் எட்டாம் இன்னசென்ட் போப்பிடம் வெண்ணெய்க்கு அனுமதி வாங்கினார்கள். இன்றைக்கு ஸ்டாலனில் வெண்ணெய் வழிகிறது. அந்த நோன்பை இப்போது பலர் கடைப்பிடிப்பதில்லை என்றாலும், கேக்கை முன்னதாகவே செய்து மூடி வைத்துவிட்டு 25-ஆம் தேதி வரை தொடாமல் இருப்பது கேக்குக்கு நல்லது. ருசி கூடுவதே அந்தக் காத்திருப்பில்தான்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் கணக்கு இது. நவம்பர் கடைசி வாரத்துக்குள் பழம் ஊற வேண்டும். டிசம்பர் பிறந்ததும் வாசலில் நட்சத்திரம் கட்டுகிற வேலை இருக்கும். அந்த வாரம் அடுப்பைத் தொட வேண்டாம். 10-ஆம் தேதியிலிருந்து 15-ஆம் தேதிக்குள் கேக்கை வேகவைத்து எடுத்துவிடுங்கள். குடில் கட்டும் வீடுகளில் கேழ்வரகோ நெல்லோ முளைக்கப் போடுவதும் அந்த நாட்களில்தான். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் பிள்ளைகளை ஒரு வேலையில் பிடித்து உட்கார வைத்துவிடலாம். எண்ணெய்ப் பலகாரம் 20-ஆம் தேதிக்கு மேல். 24-ஆம் தேதி இனிப்பு வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு நள்ளிரவுத் திருப்பலிக்கோ, மறுநாள் இருட்டோடு தொடங்கும் ஆராதனைக்கோ வீடே கிளம்ப வேண்டும். கேரல் பாடுகிறவர்கள் எத்தனை மணிக்குக் கதவைத் தட்டுவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. அந்த நேரத்தில் மாவுக் கையோடு நிற்பது வேண்டாத பாடு.

பழமும் ரம்மும்

கடையில் "கேக் மிக்ஸ் ஃப்ரூட்" என்று கலந்து கட்டிய பொட்டலம் கிடைக்கும். அதை வாங்காதீர்கள். பாதிக்கு மேல் டூட்டி ஃப்ரூட்டியாகவே இருக்கும். டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் போட்டுச் சாயம் ஏற்றியது. சிவப்புச் செர்ரி என்று விற்பதும் பெரும்பாலும் களாக்காய்தான். இரண்டிலும் தப்பில்லை, கேக்கை வெட்டும்போது நிறம் காட்டுவது அவைதான். ஆனால் ருசி கொடுப்பது திராட்சையும் பேரீச்சையும். ஒரு கேக்குக்கு 400 கிராம் பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருப்பு உலர்திராட்சை 125 கிராம், கிஸ்மிஸ் 100, பேரீச்சம்பழம் 75, டூட்டி ஃப்ரூட்டி 50, செர்ரி 30, மீதி 20 கிராமுக்கு இஞ்சி முரப்பா. கமலா ஆரஞ்சுத் தோலை வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவி, பொடியாக நறுக்கி ஒரு டேபிள் ஸ்பூன் சேர்த்தால் வாசனையே வேறு.

திராட்சையைக் கழுவுங்கள், கழுவியதும் துணியில் பரப்பி ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்த திராட்சையை ஜாடியில் போட்டால் ஒரே வாரத்தில் புளித்த வாடை வந்துவிடும். பெரிய பழங்களைக் கிஸ்மிஸ் அளவுக்கு நறுக்குங்கள். கத்தியைவிடக் கத்தரிக்கோல் வசதி. பிசுபிசுப்பு ஒட்டாமல் இருக்க அடிக்கடி வெந்நீரில் முக்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கண்ணாடி ஜாடியில் போட்டு 150 மில்லி ரம் ஊற்றி இறுக மூடி, இருட்டான அலமாரியில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம்.

ரம்தான் வேண்டுமா, பிராந்தி ஆகாதா என்று கேட்பார்கள். இதில் கறார் தேவையே இல்லை. கேரளத்துத் தலைச்சேரியில் பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்த மம்பள்ளி பாபு என்பவரிடம், 1883-ஆம் ஆண்டில் முர்டோக் பிரவுன் என்ற தோட்டக்காரத் துரை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பிளம் கேக் ஒன்றைக் கொடுத்து, இதேபோல் செய்து தரச் சொன்னதாகக் கதை. துரை சொன்ன பிரெஞ்சு பிராந்தியைத் தேடி பாபு அலையவில்லை. முந்திரிப்பழமும் கதலி வாழையும் போட்டுக் காய்ச்சிய உள்ளூர்ச் சாராயத்தை ஊற்றிச் செய்து கொடுத்தாராம். துரை சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மேற்கொண்டு ஒரு டஜன் கேக் கேட்டார் என்று தலைச்சேரியில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

வீட்டில் மது தொடாதவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் பழத்தைத் திராட்சைச் சாற்றிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ ஐந்து நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். ரம்மில் ஊறியதைப் போல வாரக்கணக்கில் வெளியே வைத்தால் கெட்டுப்போகும். இந்தக் கேக்கை 22-ஆம் தேதிக்கு முன்னால் செய்யவும் கூடாது. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: வேகும்போது மது முழுக்க ஆவியாகிவிடும் என்று பலர் சமாதானம் சொல்வார்கள். அது சரியல்ல, ஒரு பங்கு உள்ளே தங்கத்தான் செய்யும். யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்த்துச் செய்வது நல்லது.

கருக்கிய சர்க்கரை

கேக்கின் கரும்பழுப்பு நிறம் கோகோவில் வருவதல்ல, கருக்கிய சர்க்கரையில் வருவது. பலர் இந்த இடத்தில் பயந்து, அடுப்பைச் சீக்கிரம் அணைத்துவிடுகிறார்கள். கேக் வெளிர்மஞ்சளாக, தித்திப்பு மட்டுமே உள்ளதாக வந்து நிற்கும்.

அடி கனமான எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். கருப்பு நான்ஸ்டிக் உதவாது, நிறம் தெரியாது. 100 கிராம் சர்க்கரையைப் பரப்பி, தண்ணீர் விடாமல் மிதமான தீயில் வையுங்கள். முதல் சில நிமிடம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பிறகு ஓரத்தில் கண்ணாடிபோல் உருகும். கரண்டி போடாமல் பாத்திரத்தைப் பிடித்துச் சுழற்றுங்கள். உருகியது முழுக்கத் தேன் நிறமாகி, பிறகு தேயிலைச் சாயத்தின் நிறத்துக்குப் போகும். இதுவரை வந்த வாசனை மிட்டாய்க்கடை வாசனை. இங்கே அணைக்காதீர்கள். இன்னும் அரை நிமிடத்தில் ஓரங்களில் சின்னச் சின்ன நுரை கிளம்பும். மெல்லிய புகை ஒரு இழை எழும். வாசனையில் லேசான கசப்பு ஏறும். நிறம் கருப்புக்காப்பியை எட்டும் அந்த நொடியில் அடுப்பை அணைத்து, பக்கத்தில் தயாராக வைத்திருக்கும் 100 மில்லி கொதிக்கும் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, முகத்தை விலக்கிக்கொண்டு ஊற்றுங்கள். பாத்திரம் சீறும். பாகின் சூடு 180 டிகிரிக்கும் மேல் இருக்கும். மேலே தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளை அடுக்களையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பாகு கட்டியாகி இறுகிக்கொள்ளும். அப்படி ஆனாலும் திரும்ப அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் கரைந்துவிடும். கரைந்ததும் ஓரிரு நிமிடம் கொதிக்கவிட்டு முழுக்க ஆறவிடுங்கள். புகை கனமாகி நெடி தொண்டையைப் பிடித்தால் கருகிவிட்டது என்று பொருள். அதைக் கொட்டிவிட்டு மறுபடி போடுங்கள். 100 கிராம் சர்க்கரைக்காக ஒரு கேக்கைக் கெடுக்க வேண்டாம்.

மாவு சேர்ப்பது

வெளிநாட்டுக் குறிப்புகளில் எல்லாம் "வெண்ணெய் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கும். அவர்கள் அறையின் வெப்பம் 20 டிகிரி. டிசம்பரிலும் சென்னையிலோ தூத்துக்குடியிலோ பகலில் அடுக்களை 28 டிகிரியை ஒட்டி இருக்கும். காலையில் எடுத்து வெளியே வைத்த வெண்ணெய் மதியத்துக்குள் எண்ணெய்ப் பதத்துக்கு இளகிவிடும். அதை எவ்வளவு அடித்தாலும் காற்றைப் பிடித்து வைக்காது. வெண்ணெயை நறுக்கி 20 நிமிடம் மட்டும் வெளியே வையுங்கள். விரல் வைத்து அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். விரலில் வழுக்கக் கூடாது. முட்டை மட்டும் நன்றாக வெளி வெப்பத்துக்கு வந்திருக்கட்டும்.

20 சென்டிமீட்டர் வட்ட டின் ஒன்றுக்கான அளவு: உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், பொடித்த சர்க்கரை 175 கிராம், முட்டை நான்கு, மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், உடைத்த முந்திரி 75 கிராம், ஆறிய பாகு, ஊறிய பழம். மசாலாவுக்கு இரண்டு அங்குலப் பட்டை, கிராம்பு ஆறு, ஏலக்காய் ஆறு, கால் ஜாதிக்காய், சிறு துண்டு சுக்கு. லேசாகச் சூடுகாட்டி ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு மிக்ஸியில் அரைத்துச் சலித்து, ஒன்றரை டீஸ்பூன் மட்டும் எடுங்கள். கிராம்பில் தாராளம் காட்டினால் கேக் பல்வலி மருந்துபோல் மணக்கும். எல்லாவற்றையும் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு கப் வேறு.

வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுத்து உப்பி வரும்வரை அடியுங்கள். முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். திரிந்தாற்போல் தெரிந்தால் மைதாவில் ஒரு ஸ்பூன் தூவி அடித்தால் கூடிவரும். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, மசாலா நான்கையும் சேர்த்துச் சலித்து, மூன்று பங்காக, நடுநடுவே பாகை ஊற்றி மரக்கரண்டியால் கலக்குங்கள். மைதா போட்ட பிறகு பீட்டர் வேண்டாம். கடைசியில் பழமும் முந்திரியும். ஜாடியில் ரம் தேங்கியிருந்தால் வடித்துத் தனியே வையுங்கள். பிறகு வேலை இருக்கிறது. பழம் அடியில் இறங்காமல் இருக்க மைதாவில் புரட்டிப் போடச் சொல்வார்கள். செய்தால் கேடில்லை. ஆனால் பழத்தைத் தாங்கிப் பிடிப்பது மாவின் கெட்டித்தன்மைதான். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் மாவு ஒழுகக் கூடாது. தயங்கித் தயங்கி விழ வேண்டும்.

வேகவைப்பது

டின்னின் அடியிலும் பக்கத்திலும் பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாக வையுங்கள். பக்கத்துத் தாள் விளிம்புக்கு மேல் ஓர் அங்குலம் நிற்கட்டும். வெளிப்புறத்தில் செய்தித்தாளை நாலாக மடித்துச் சுற்றி நூலால் கட்டுவது பழைய வழக்கம். இன்றைக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. நேரம் பிடிக்கும் கேக் என்பதால் நடு வேகுமுன் ஓரம் காய்ந்துவிடும். அதைத் தாள் தடுக்கிறது. ஓடிஜி வைத்திருப்பவர்கள் தாள் சூட்டுக் கம்பியில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

150 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். முதல் ஒன்றேகால் மணி நேரம் கதவைத் திறக்கவே வேண்டாம். பெரும்பாலும் ஒன்றரையிலிருந்து ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். மேல்பக்கம் சீக்கிரம் சிவந்தால் பட்டர் பேப்பரை மேலே போர்த்துங்கள். சின்ன ஓடிஜிகளில் முள் 150-ஐக் காட்டும்போது உள்ளே 170 இருப்பது சகஜம். உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்தப் புத்தகத்தில் பாதி அத்தியாயங்களுக்கு உதவும்.

வெந்ததா என்று பார்க்கச் சுத்தமான ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள். பழத்தில் குத்தினால் ஈரம் ஒட்டும். அதை நம்பாமல் இன்னோர் இடத்திலும் குத்துங்கள். இதைவிட நம்பகமானது காது. டின்னை வெளியே எடுத்துக் கேக்கின் பக்கம் காதைக் கொண்டுபோங்கள். உள்ளே சொரசொரவென்று கொதிக்கும் ஓசை பலமாகக் கேட்டால் நடுவில் இன்னும் ஈரம் இருக்கிறது. பத்து நிமிடம் திரும்ப உள்ளே வையுங்கள். ஓசை ஏறக்குறைய அடங்கியிருந்தால் எடுத்துவிடலாம்.

ஓவன் இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. தெருமுனை பேக்கரியில் கூலிக்கு வேகவைத்து வாங்குவது ஒன்று. விறகு அடுப்பு வைத்திருக்கும் பேக்கரிகள் குறைந்துவிட்டன; இருக்கிற ஊர்களில் டிசம்பர் மாதம் மத்தியானத்தில் ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் மிச்சமிருக்கும் சூடு இந்தக் கேக்குக்கென்றே அமைந்தது. முந்தின நாளே போய் "அண்ணாச்சி, நாளைக்கு எத்தனை மணிக்குக் கொண்டுவரட்டும்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டின்னில் உங்கள் வீட்டுப் பெயரைப் பெயின்டிலோ ஆணிக் கீறலிலோ எழுதியிருப்பது அவசியம். இருபது டின் ஒன்றாக வெளியே வரும்போது எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், உங்கள் 75 கிராம் முந்திரி அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

இன்னொரு வழி குக்கர். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, அதன்மேல் வளையம் வைத்து, பத்து நிமிடம் மூடிச் சூடேற்றுங்கள். டின்னை உள்ளே வைத்ததும் தீயை ஆகக் குறைத்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் சூடேறினால் குக்கர் கெடும். தினம் சாதம் வைக்கும் குக்கரை இதற்கு எடுக்காமல் பழையது ஒன்றை ஒதுக்குங்கள். அளவைப் பாதியாக்கிச் சின்ன டின்னில் செய்வது உத்தமம். மேல்பக்கம் சிவக்காது, ருசியில் குறை இருக்காது.

எடுத்த கேக்கை டின்னிலேயே ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். சூடு கொஞ்சம் இருக்கும்போதே, வடித்து வைத்த ரம்மை இரண்டு ஸ்பூன் மேலே தடவுங்கள். மறுநாள் பட்டர் பேப்பரில் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அலுமினியத் தாள் நேராகக் கேக்கில் படக் கூடாது. பழத்தின் புளிப்பு அதை அரித்துவிடும். வாரம் ஒருமுறை ஒரு ஸ்பூன் ரம் போதும். குளிப்பாட்ட வேண்டாம்.

மஞ்சள்கரு அங்கே, வெள்ளைக்கரு இங்கே

இலங்கையில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் ரிச் கேக் நம்முடையதிலிருந்து அடிப்படையிலேயே வேறு. அதில் மைதா இல்லை; வறுத்த ரவை. முட்டையில் மஞ்சள்கரு ஏராளம், வெள்ளைக்கரு சிலதுதான். பொடியாக நறுக்கிய முந்திரி, இஞ்சி முரப்பா, சௌசௌ முரப்பா, சர்க்கரைப் பாகில் போட்ட நீர்ப்பூசணி, தேன், பன்னீர், பிராந்தி. கருக்கிய சர்க்கரையின் கசப்புக்குப் பதில் பன்னீரின் மணம். வெட்டும்போதே கையில் ஒட்டும் அளவுக்கு ஈரம் இருக்கும். வட்டக் கேக்காக மேஜையில் வைத்து வெட்டுவதைவிட, தீப்பெட்டி அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் எண்ணெய்த்தாளிலும் வண்ணத்தாளிலும் சுற்றி, வருகிறவர்களுக்கு ஒன்றொன்றாகக் கொடுப்பார்கள். இந்தப் பழக்கத்தை மட்டுமாவது நாம் எடுத்துக்கொள்ளலாம். கேக் காயாது, எத்தனை பேர் வந்தாலும் கணக்கும் தெரியும். நீர்ப்பூசணிக்கு ஆக்ரா பேட்டா சரியாக ஒத்துவரும்.

இப்படி மஞ்சள்கருவை மட்டும் எடுக்கிறவர்களுக்கு வெள்ளைக்கரு மிஞ்சும். அதற்குக் கடலின் இந்தப் பக்கம் தூத்துக்குடியில் பதில் இருக்கிறது. மக்ரூன் என்பது வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்று மட்டுமே. நான்கு வெள்ளைக்கருவுக்கு 200 கிராம் பொடித்த சர்க்கரை, 200 கிராம் முந்திரி. முந்திரியை மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். ஒரே மூச்சாக ஓட்டினால் எண்ணெய் விட்டுவிடும். வெள்ளைக்கருவில் மஞ்சள்கரு ஒரு பொட்டு விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப்பசை இருந்தாலும் நுரை எழும்பாது. கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு நுரை நின்றதும் சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அடித்து, முந்திரியைக் கையால் மெதுவாகக் கலந்து, தாளைக் கூம்பாகச் சுருட்டி அதில் நிரப்பி, தட்டில் கூர் வைத்துப் பிழியுங்கள். 110 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம். பிறகு ஓவனை அணைத்து, உள்ளேயே ஆறவிடுங்கள். இது வேகவைப்பதல்ல, உலர்த்துவது.

வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விடாது. மழை பெய்யும் நாளில் மக்ரூன் செய்யவே செய்யாதீர்கள். ஆறிய மக்ரூனைத் தட்டில் அரை மணி நேரம் விட்டாலும் ஈரக்காற்றை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். ஆறியதும் தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

தட்டு மாற்றுவது

கேக் மட்டும் கொடுத்தால் தட்டு நிறையாது. அச்சு முறுக்கு, முறுக்கு, அதிரசம், கலகலா என்று ஊருக்கு ஊர் கூடவோ குறையவோ இருக்கும். அவற்றுக்கான அளவுகள் பலகார அத்தியாயத்தில் இருக்கின்றன. அச்சு முறுக்குக்கு அச்சை முந்தின நாளே எண்ணெயில் போட்டு வையுங்கள். சுடும்போது சூடான அச்சை மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்குங்கள். முழுக்க முக்கினால் மாவு மேலே மூடிக்கொண்டு அச்சைவிட்டுக் கழலாது. நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் முந்திரிக்கொத்து இல்லாமல் தட்டு போகாது. பெயரில்தான் முந்திரி, உள்ளே வறுத்துப் பொடித்த சிறுபயறும் தேங்காயும் கருப்பட்டியோ வெல்லமோ சேர்ந்த உருண்டை. மாவில் தோய்த்து மூன்று மூன்றாக ஒட்டினாற்போல் எண்ணெயில் விடுவார்கள். பத்துப் பதினைந்து நாள் கெடாது.

தீபாவளிக்கு வந்த தட்டுகளுக்கும் ரம்ஜானுக்கு வந்த பிரியாணித் தூக்குக்கும் பதில் போகும் நாள் இது. யார் வீட்டுக்கு எது என்று முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முட்டை சேர்க்காத வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் போதும். அதே தட்டில் ஓரமாகக் கேக் துண்டு வைத்தால் மற்றதையும் தொட மாட்டார்கள். முஸ்லிம் வீடுகளுக்கு ரம் சேர்க்காத கேக். கொண்டுபோய்க் கொடுக்கும் பிள்ளையிடம், "அத்தை, இதுல ரம் இல்ல, ஜூஸ்லதான் ஊறவெச்சோம்னு அம்மா சொல்லச் சொன்னாங்க" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள்; கேட்காமல் சாப்பிடாமலும் வைத்துவிடுவார்கள்.

வெளியூருக்கு அனுப்புவதாக இருந்தால் ரம் கேக்கையே அனுப்புங்கள், வெட்டாமல் முழுதாக. வெட்டிய முகம்தான் முதலில் காயும். சுற்றிய கேக்கைத் தகர டப்பாவில் வைத்து, இடைவெளியில் கசக்கிய தாளைத் திணித்து, ஆட்டிப் பார்த்தால் அசையாதபடி செய்து, 17, 18-ஆம் தேதிக்குள் கூரியரில் போட்டுவிடுங்கள். மக்ரூனைக் கூரியரில் அனுப்பாதீர்கள். பொடியாகத்தான் போய்ச் சேரும்.

வீட்டில் வெட்டுவதற்கு ரொட்டி வெட்டும் பல்கத்தி நல்லது. கேக் சில்லென்று இருந்தால் பழம் பிய்யாமல் வெட்டுப்படும். பரிமாறும்போது வெளி வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். ரம்மில் ஊறிய கேக் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை தாராளமாக நிற்கும். இங்கிலாந்தில் இந்தக் கேக்கின் முன்னோடியைச் சாப்பிட்டதும் கிறிஸ்துமஸ் காலத்தின் அந்தக் கடைசி நாட்களில்தான். சாற்றில் ஊறியது வெளியே மூன்று நாள், ஃபிரிட்ஜில் பத்து நாள். டப்பாவின் அடியில் மிஞ்சும் உதிரியைக் கொட்ட வேண்டாம். கிண்ணத்தில் அழுத்தி வைத்து, ஆறு நிமிடம் ஆவியில் காட்டி, மேலே சூடான கஸ்டர்டை ஊற்றிச் சாப்பிடுங்கள்.